நரியைப் பார்த்தா பதுங்கணும்... கானமயில் குஞ்சுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பிள்ளைப்பாக்கம் சிப்காட் பக்கம் காலை ஷிப்ட்டுக்கு பைக்கில் போகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கமாக இருக்கும். இன்னும் கம்பெனி கட்டாமல் விட்டிருக்கும் காலி மனையில் யாராவது நடந்தால் போதும். எங்கிருந்தோ ஒரு பறவை எழும்பி, 'டிட்-டி-டூயிட்' என்று கத்தி ஊரையே கூட்டிவிடும். தலைக்கு மேல் வட்டமடிக்கும், கீழே பாய்வதுபோல் பாவ்லா காட்டும். ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் அதற்குப் பெயரே ஆள்காட்டி.

அது ஏன் அப்படிக் கத்துகிறது? பக்கத்தில் எங்கோ முட்டை இருக்கிறது. கூடு என்று ஒன்றும் கிடையாது. சரளைக் கல்லுக்கு நடுவே சின்னதாக ஒரு பள்ளம், அதில் மூன்றோ நான்கோ முட்டைகள். கல் எது, முட்டை எது என்று தெரியாத அளவுக்கு நிறமும் புள்ளியும் இருக்கும். நாய், கீரி, காகம் என எது வந்தாலும் தாய்ப் பறவை முட்டையை விட்டு நைசாக நகர்ந்து வேறொரு இடத்தில் நின்று கத்தும். வந்தவரின் கவனம் அந்தப் பக்கம் போய்விடும். நகரங்களில் தரை பத்திரமில்லை என்றானதும், சரளை போட்ட மொட்டை மாடிகளில் ஆள்காட்டி முட்டையிடுவதும் இந்தியாவில் பதிவாகியிருக்கிறது.

ஆள்காட்டிக்கு இப்போதைக்கு அழிவு அபாயம் இல்லை. ஆனால் இதே மாதிரி தரையில் முட்டையிடும் இன்னொரு இந்தியப் பறவை, அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைக் காப்பாற்ற மனிதர்கள் கையிலெடுத்திருக்கும் வழியே ஒரு சிக்கலான கேள்வியையும் கொண்டு வந்திருக்கிறது. எதிரியே இல்லாத இடத்தில் வளரும் பறவைக்கு, எதிரியைப் பார்த்தால் பயப்படத் தெரியுமா?

எந்தப் பறவை இது?

கானமயில். ஆங்கிலத்தில் கிரேட் இந்தியன் பஸ்டர்ட். ராஜஸ்தானில் கோடாவண் என்பார்கள், அந்த மாநிலத்தின் பறவையும் இதுதான். பெயரில் மயில் இருந்தாலும் மயில் இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூதுரையில் வான்கோழி பார்த்து ஆட முயன்றதாக வரும் கானமயில் இந்தப் பறவைதான் என்பது பறவை ஆர்வலர்கள் சிலரின் வாதம். தமிழ் படித்த ஆளாக எனக்கு அந்த விவாதத்தில் நிறைய ஆர்வம் உண்டு, ஆனால் அது இன்னொரு கட்டுரைக்கான விஷயம்.

ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம். ஆண் பறவை 15 கிலோ வரை எடை போடும். பறக்கக்கூடிய பறவைகளில் உலகிலேயே கனமானவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் பஞ்சாப் தொடங்கி தமிழ்நாடு வரை புல்வெளிகளில் இருந்தது. 1969-ல் சுமார் 1,260 இருந்ததாக மதிப்பிட்டார்கள். இன்று காட்டில் மிஞ்சியிருப்பது சுமார் 150 என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, அதில் பெரும்பகுதி ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில். தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 2011 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக அபாய நிலை' பிரிவில் இருக்கிறது.

கானமயில் வழக்கமாக ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். வெறும் தரையில். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் தாய் மட்டும். அந்த ஒரு முட்டையை நாயோ நரியோ காகமோ உடும்போ எடுத்துக்கொண்டால், கதை முடிந்தது. தாயிடமும் தந்திரம் இருக்கிறது. ஆபத்து நெருங்கினால் காலைத் தொங்கவிட்டபடி கோணல்மாணலாகப் பறந்து, அடிபட்ட பறவைபோல் நடித்து எதிரியை இழுத்துச் செல்லும். குஞ்சு தரையோடு தரையாக அசையாமல் படுத்துக்கொள்ளும்.

இந்த நடிப்பு ஒரு தலைமுறையில் வந்ததில்லை. நடிக்கத் தெரிந்த தாயின் குஞ்சு பிழைத்தது, தெரியாத தாயின் குஞ்சு நரிக்கு இரையானது. இப்படியே ஆயிரக்கணக்கான தலைமுறைகள் சலித்து எடுத்ததுதான் இன்று நாம் பார்க்கும் பறவை. பரிணாமம் என்பது இந்தச் சல்லடைதான்.

அப்போ பிரச்னை எங்கே?

சல்லடைக்குத் தெரியாத எதிரிகள் வந்துவிட்டார்கள். முதலாவது, மனிதர்களை ஒட்டிப் பெருகிய நாய்க் கூட்டம். இரண்டாவது, மின்கம்பி.

மின்கம்பி விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. கானமயிலின் ஆப்பிரிக்கச் சொந்தமான கோரி பஸ்டர்டின் பார்வையை 2010-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து பார்த்தது. அதன் பார்வை பக்கவாட்டிலும் தரைப்பக்கமும் விரிந்தது. நேர் முன்னே இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பகுதி ரொம்பக் குறுகல். பறக்கும்போது தரையைப் பார்க்கத் தலையைச் சுமார் 25 டிகிரி தாழ்த்தினாலே, போகும் திசை அதற்குக் குருடாகிவிடும். திறந்த புல்வெளியில் இரை தேடவும், பக்கவாட்டில் வரும் எதிரியைக் கவனிக்கவும் அது அருமையான கண். வானத்தில் குறுக்கே எதுவும் இருந்ததில்லை என்பதால் முன்னால் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. இப்போது கம்பி வந்துவிட்டது. கண் மாற ஆயிரக்கணக்கான தலைமுறை வேண்டும். தார் பாலைவனத்தில் மின்கம்பிகளால் ஆண்டுக்கு 18 கானமயில்கள் வரை இறக்கலாம் என்று இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டது. 150-ல் 18. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு செல்லுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டதும், 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு அமைத்ததும் இந்தப் பின்னணியில்தான்.

பரிணாமத்தால் சமாளிக்க முடியாத வேகத்தில் ஆபத்து வந்தால், மனிதர்கள்தான் குறுக்கே புக வேண்டும். புகுந்தார்கள்.

ஜெய்சல்மேரில் என்ன நடக்கிறது?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், ராஜஸ்தான் வனத்துறை, டேராடூனில் உள்ள இந்திய வனஉயிரின நிறுவனம் மூன்றும் 2018-ல் ஒப்பந்தம் போட்டன. 2019-ல் காட்டிலிருந்து முட்டைகளை எடுத்து, ஜெய்சல்மேர் மாவட்டம் சம் என்ற இடத்தில் இன்குபேட்டரில் வைத்துப் பொரிக்கத் தொடங்கினார்கள். அபுதாபியில் இயங்கும் ஹௌபாரா பாதுகாப்பு நிதியம் தொழில்நுட்ப உதவி செய்கிறது. பிறகு ராம்தேவ்ராவில் இன்னொரு மையம். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் முதல் குஞ்சு பிறந்தது. 2025-ல் மையங்களில் இருந்த பறவைகள் 60-ஐத் தாண்டின. இன்னொரு பக்கம், பாலைவன தேசியப் பூங்காவுக்குள் நாயும் நரியும் நுழைய முடியாதபடி வேலி அடைத்த பகுதிகளில் காட்டுப் பறவைகள் முட்டையிடுகின்றன.

எல்லாமே நல்ல செய்தி. எங்கள் டெஸ்க்கிலும் 'வெற்றி' என்று தலைப்பு வைத்துத்தான் போடுவோம். தப்பில்லை. ஆனால் மையத்தில் பொரித்த குஞ்சு இதுவரை நரியைப் பார்த்ததில்லை. தாய் பதுங்குவதையும் பார்த்ததில்லை. கண் திறந்ததும் அது பார்ப்பது தீவனம் ஊட்டும் ஊழியரை.

பயம் பிறவியிலேயே வராதா?

கொஞ்சம் வரும். கொஞ்சம் கற்றுக்கொள்வது. எவ்வளவு எது என்பது பறவைக்குப் பறவை மாறும்.

கற்றுக்கொள்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1978-ல் ஜெர்மனி விஞ்ஞானி எபர்ஹார்ட் குரியோவின் குழு வெளியிட்ட சோதனை ஒன்று இருக்கிறது, படிக்கும்போதே சிரிப்பு வரும். ஒரு கரும்பறவை ஆந்தையைப் பார்த்துக் கத்துகிறது. பக்கத்துக் கூண்டுப் பறவைக்கோ அந்த ஆந்தை தெரியாது, அதற்குத் தெரிவது தீங்கில்லாத வேறொரு பறவையின் பொம்மை மட்டும். 'அண்ணன் இதைப் பார்த்துத்தான் கத்துறான்போல' என்று நினைத்து, அதுவும் பொம்மையைப் பார்த்துக் கத்தப் பழகியது. அதைப் பார்த்து அடுத்தது. இப்படி ஆறு பறவைகள் வரை அந்தப் பொய்ப் பயம் கைமாறியது. வெறும் பிளாஸ்டிக் பாட்டிலைக்கூட எதிரி என்று நம்ப வைக்க முடிந்தது.

அதாவது பயம் ஒரு பரம்பரைச் சொத்து மட்டுமல்ல, ஊர் வழக்கமும்கூட. ஊரே இல்லாமல் இன்குபேட்டரில் பிறக்கும் பறவைக்கு அந்த வழக்கம் எங்கிருந்து வரும்?

விட்டதும் செத்துப்போன காகங்கள்

ஹவாய்த் தீவில் இதற்குக் கொடுத்த விலை பெரிது. அங்குள்ள அலாலா என்ற காகம் 2002-ல் காட்டிலிருந்து மறைந்தது. கூண்டில் வளர்த்த 5 காகங்களை 2016 டிசம்பரில் காட்டில் விட்டார்கள். சில நாட்களிலேயே 3 இறந்தன. ஈயோ என்ற உள்ளூர்ப் பருந்தின் தாக்குதல் முக்கியக் காரணம். மிச்சத்தைத் திரும்பப் பிடித்துவந்து, பருந்தைக் காட்டி, கூடவே காகத்தின் அபாயக் குரலை ஒலிபரப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அடுத்து விட்டவை முதலில் நன்றாகவே தாக்குப்பிடித்தன. ஆனால் 2020-க்குள் காட்டில் மிஞ்சியது ஐந்தே ஐந்து. அவற்றையும் கூண்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 2024 நவம்பரில், அந்தப் பருந்தே இல்லாத மௌயி தீவில் 5 காகங்களை விட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள்.

கானமயிலுக்கு இன்னும் நெருக்கமான பாடம் சவூதி அரேபியாவில் இருக்கிறது. ஹௌபாரா பஸ்டர்ட், கானமயிலின் சின்ன உறவு. கூண்டில் வளர்த்தவற்றைப் பாலைவனத்தில் விட்டால் செந்நரி தின்றுவிடும். 1990-களில் ஒரு குழு இரண்டு விதப் பயிற்சியைச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு நரி பொம்மை. இன்னொரு பிரிவுக்கு, கையால் வளர்த்த நிஜ நரியைக் கொஞ்ச நேரம் கூண்டுக்குள் விடுவது. 1999-ல் முடிவு வெளியானது. பொம்மை பார்த்த பறவைகளுக்கும் பயிற்சியே இல்லாதவற்றுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசமில்லை. நிஜ நரியிடம் ஓடிப் பழகியவை கூடுதலாகப் பிழைத்தன.

ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் செலவு செய்து வளர்த்த பறவை. அதன் கூண்டுக்குள் நரியை விடுங்கள் என்றால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார், யோசித்துப் பாருங்க.

பயிற்சி கொடுத்தா சரியாகிடுமா? அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கு

பயிற்சி என்பது அந்த ஒரு பறவையின் வாழ்நாள் விஷயம். பல தலைமுறை கூண்டிலோ வேலிக்குள்ளோ ஓடினால் இனமே மாறத் தொடங்கும். பரீட்சையே வைக்காத பள்ளியில் எல்லோரும் பாஸ். பயந்தவையும் பயப்படாதவையும் சமமாகக் குஞ்சு பொரிக்கும். கூண்டைப் பொறுத்தவரை சாதுவான பறவைக்கே லாபம், அதுதான் ஒழுங்காகச் சாப்பிட்டு முட்டையிடும்.

எவ்வளவு வேகமாக மாறும்? பறவை இல்லை என்றாலும் ஓர் ஆஸ்திரேலிய உதாரணத்தைச் சொல்லியாக வேண்டும். குவோல் என்ற பூனை அளவு விலங்கைக் காப்பாற்ற 2003-ல் எதிரிகள் இல்லாத ஆஸ்டெல் தீவுக்குக் கொண்டுபோனார்கள். பல்கிப் பெருகியது. 13 தலைமுறை கழித்து 2016-ல் சிலவற்றைக் காக்கடு தேசியப் பூங்காவுக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது டிங்கோ நாய்கள் வேட்டையாடிவிட்டன. வெறும் 13 ஆண்டில் பயம் காணாமல் போயிருந்தது.

பறவைகளில் இதற்கு மிகத் தெளிவான சாட்சி, நியூசிலாந்தின் சாத்தம் தீவுகளில் உள்ள கருப்பு ராபின். 1980-ல் உலகத்திலேயே 5 பறவைகள்தான். அதில் குஞ்சு பொரிக்கும் பெண் ஒன்றே ஒன்று, காலில் நீல வளையம் மாட்டியிருந்ததால் ஓல்ட் ப்ளூ என்று பெயர். டான் மெர்ட்டன் தலைமையிலான குழு அதன் முட்டைகளை எடுத்து வேறு இனக் குருவியின் கூட்டில் வைத்தது. முட்டை போனதும் ஓல்ட் ப்ளூ மறுபடி முட்டையிட்டது. இப்படித்தான் இனம் மீண்டது. இன்று இருக்கும் எல்லாக் கருப்பு ராபினும் அந்த ஒரே ஜோடியின் வாரிசுகள்.

இதற்கிடையே 1984-ல் ஒரு வினோதம் கண்ணில் பட்டது. ஒரு பறவை முட்டையைக் கூட்டின் நடுவில் போடாமல் விளிம்பில் போட்டது. அங்கே சூடு கிடைக்காது, பொரியாது. ஊழியர்கள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு முட்டையும் தங்கம். மெதுவாக நடுவில் நகர்த்தி வைத்தார்கள், பொரிந்தது. அந்தக் குஞ்சு வளர்ந்து, அதுவும் விளிம்பில் முட்டையிட்டது. 1989-ல் பார்த்தால் பாதிக்கும் மேற்பட்ட பெண் பறவைகள் விளிம்பில்தான் முட்டையிடுகின்றன! மனிதக் கை இல்லாமல் இனம் பெருக முடியாது என்ற நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன்பிறகு நகர்த்துவதையே நிறுத்திவிட்டார்கள். பொரியாத முட்டைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அந்த ஊழியர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் சல்லடை மறுபடி வேலை செய்தது. 2007-2011 காலத்தில் அந்தப் பழக்கம் சுமார் 9 சதவீதமாகக் குறைந்திருந்தது. மெலனி மசாரோ குழுவினர் 2013-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

இது எதிரி பற்றிய கதை இல்லைதான். ஆனால் பராமரிப்பு எப்படிப் பரிணாமத்தைத் திசைதிருப்பும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

எதிரியைப் பார்த்துத் தானாக மாறிய பறவை ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நியூசிலாந்திலேயே. அங்கே வௌவால் தவிர நிலவாழ் பாலூட்டிகளே கிடையாது. மனிதர்களோடு எலி வந்தது, பிறகு பூனை, ஸ்டோட் என்ற கீரி மாதிரி விலங்கு. பல பறவைகள் அழிந்தன. ஆனால் பெல்பேர்ட் என்ற பாடும் பறவை பிழைத்தது. இதே மசாரோ குழு 2008-ல் மூன்று இடங்களை ஒப்பிட்டது: எதிரிகள் உள்ள காடு, எதிரிகளை அகற்றிய காடு, எதிரிகளே நுழையாத தீவு. ஆபத்து அதிகமுள்ள இடத்தில் தாய் ஒரு தடவை உட்கார்ந்தால் நீண்ட நேரம் எழுந்திருக்கவில்லை. குஞ்சுக்கு இரை கொண்டுவரும் நடையும் குறைந்திருந்தது. கூட்டருகே நடமாட்டம் குறைந்தால் எதிரிக்குத் துப்பு கிடைக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். இது மரபணு மாற்றமா, பறவை சூழலைப் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்கிறதா என்பது அடுத்த கேள்வி. எப்படியிருந்தாலும், மாறுவதற்கு இடம் இருந்த பறவை பிழைத்தது.

கானமயிலிடம் அந்த இடம் குறைவு. இந்தியா முழுக்கக் கானமயில்களிடையே மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. சல்லடையில் சலிக்க விதவிதமான தானியம் வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சலித்து என்ன பயன்? ஆண்டுக்கு ஒரு முட்டை, முதிர்ச்சி அடையச் சில ஆண்டுகள், மொத்தமே 150 பறவைகள். நாயைச் சமாளிக்கும் கானமயில் தானாகப் பரிணமிக்கட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கானமயிலே இருக்காது. அதனால் வேலியும் கூண்டும் தவறான முடிவு என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் உயிர் வேண்டும்.

எத்தனை தலைமுறை கூண்டில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. காட்டு முட்டையில் பிறந்த பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் இன்னும் காட்டுக்கு நெருக்கமானவை. ஐந்தாவது, ஆறாவது தலைமுறை வந்தால் கதை மாறும். வேலிக்குள்ளும் இதே கணக்குதான். நாய்களை வெளியே வைப்பது அவசியம், அவை மனிதர்கள் கொண்டுவந்த ஆபத்து. ஆனால் காலங்காலமாகக் கானமயிலோடு வாழ்ந்த நரியையும் உடும்பையும் சேர்த்து முழுசாக விலக்கினால், தாயின் அந்தக் கோணல்மாணல் நடிப்புக்கு வேலையில்லாமல் போகும். ஆஸ்திரேலியாவில் பில்பி என்ற விலங்கை இரண்டு ஆண்டு சில பூனைகளோடு சேர்த்தே வேலிக்குள் வளர்த்துப் பார்த்தார்கள். பூனை பார்க்காதவற்றைவிட அவை வெளியே அதிகம் பிழைத்தன என்று 2019-ல் முடிவு வந்தது.

சம், ராம்தேவ்ரா பறவைகளைக் காட்டில் விடும் செய்தி வரும்போது, முதல் நாள் பிரேக்கிங்கில் எத்தனை பறவை என்ற எண்தான் பெரிதாக ஓடும். அதைக் குறித்துக்கொள்ளுங்க, ஆனால் அதோடு விடாதீங்க. ஓர் ஆண்டு கழித்து அதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன, அதில் ஒரு பெண் பறவையாவது வேலிக்கு வெளியே தானாக முட்டையிட்டுக் குஞ்சை வளர்த்ததா என்று தேடிப் பாருங்க. காலைத் தொங்கப் போட்டு நரியை ஏமாற்றியதா என்று யாராவது பதிவு செய்திருந்தால், அந்த வீடியோவை நாங்களே முதலில் போடுவோம்.